டச்சுப் பெண்ணின் படகு நாள்

போன வாரம் என் மகள், எப்போதோ செத்துப்போன ஒரு பெண்ணிடம் அனுமதி கேட்கப் போனாள். சிரிக்காமல் கேளுங்கள்.

யாழினிக்குப் பத்து வயது. கோடை லீவு விட்டதிலிருந்து அபாகஸ், கீபோர்டு, ஹேண்ட்ரைட்டிங் என்று மூன்று கிளாஸ். மூன்றிலும் கொட்டாவி. வீட்டுக்கு வந்தால் 'போரடிக்குதும்மா' என்பதைத் தவிர வேறு பேச்சே இல்லை. உங்கள் வீட்டிலும் இதே கதைதானே? எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. அவளைக் கூட்டிக்கொண்டு பொன்னேரிக்கு ரயிலேறி, அங்கிருந்து பஸ் பிடித்து, பழவேற்காட்டில் போய் இறங்கிவிட்டேன். என் ஹாஸ்டல் தோழி கஸ்தூரி அங்கே ஒரு மீனவக் குப்பத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். நாலு நாள் தங்குவதாகத் திட்டம்.

காலை பத்து மணிக்கே ஏரி முழுக்க வெள்ளி நிறம். தூரத்தில் போகிற படகு தண்ணீரில் போகிறதா, வானத்தில் போகிறதா? வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். நாள் போனதே தெரியவில்லை.

யாழினிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கரையோரம் முழங்கால் அளவுத் தண்ணீரில், சின்னதாக ஒரு பழைய படகு நீளக் கயிற்றில் கட்டிக் கிடந்தது. குப்பத்துப் பிள்ளைகளுக்கு லீவு முழுக்க அதுதான் விளையாட்டு. இவளும் ஓடிப்போய் ஏறப் பார்த்தாள். கஸ்தூரியின் மகள் கீர்த்தனா — பதினோரு வயது, பேச்சில் வக்கீல் — தடுத்துவிட்டாள்.

காரணம், பாடு. அங்கே பெரியவர்கள் நினைத்த இடத்தில் வலை போட முடியாது. மீன் நன்றாகப் படும் இடங்களுக்குச் சீட்டுக் குலுக்கி, இன்னாருக்கு இன்ன நாள் என்று முறை வைத்திருக்கிறார்கள். அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். அடுத்தவர் பாட்டில் யாரும் கைவைப்பதில்லை. வெளியூர்க்காரருக்குப் பாடே கிடையாது. பிள்ளைகளும் லீவு விட்ட அன்றே சீட்டுக் குலுக்கி, ஒரு நாளைக்கு ஒருத்தர்தான் துடுப்புப் பிடிக்கலாம் என்று பிரித்துக்கொண்டார்களாம். ஆறு சீட்டு.

பிள்ளைகளோ ஐந்து பேர்தான்!

ஆறாவது சீட்டு, ஒரு காலத்தில் அங்கே கோட்டை கட்டி வியாபாரம் செய்த டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டத்தில் இருக்கும் ஒரு சின்னக் கல்லுக்கு. எழுத்தெல்லாம் தேய்ந்துபோய், ஒன்பது என்ற எண் மட்டும் தெரிகிறதாம். ஆக, வயசு ஒன்பது. பூ செதுக்கியிருப்பதால் பெண். எல்லாம் கீர்த்தனாவின் தீர்ப்பு.

"அவ இந்த ஊர்லயே இருந்து இந்த ஊர்லயே செத்துட்டா. அப்ப அவளுக்கும் பாடு உண்டுல்ல?" என்றாள் என்னிடம்.

அந்தப் பெண்ணின் நாளில் படகு சும்மா கிடக்குமாம். யாரும் தொட மாட்டார்களாம்.

எனக்குக் கோபம் வந்தது. முந்நூறு வருஷத்துக்கு முன்னால் போனவளுக்கு இடம் உண்டு, உயிரோடு நிற்கிற என் பெண்ணுக்கு இல்லையா? கஸ்தூரியிடம் முறையிட்டேன். பிள்ளைகள் விவகாரத்தில் தலையிட முடியாது என்று சொல்லிவிட்டு மீன் கழுவப் போய்விட்டாள்.

மூன்று நாள் யாழினி கரையிலேயே உட்கார்ந்து பார்த்தாள். சோறு இறங்கவில்லை. ஆனால் 'போரடிக்குது' என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. லீவு வந்தால் பிள்ளைகள் கையில் எதையாவது திணித்துக்கொண்டே இருக்கிறோம்... ஒன்றைக் கொடுக்காமல் வைத்தால் அவர்கள் அதையே நினைத்துக்கொண்டு கிடப்பார்கள் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

நாலாம் நாள் மாலை நாங்கள் ஊருக்குக் கிளம்ப வேண்டும். அந்த நாலாம் நாள், டச்சுப் பெண்ணின் நாள்.

காலையில் யாழினி போய், அவளுக்குப் பதிலாகத் தான் போகலாமா என்று கேட்டாள். பிள்ளைகள் கூடிப் பேசினார்கள். தன் பாட்டை இன்னொருத்தருக்கு விட்டுக்கொடுக்கலாம், அதுவும் முறைதானாம். ஆனால் உரியவள் சொல்ல வேண்டும்.

"அவளாண்ட கேட்டியா?" என்றாள் கீர்த்தனா.

யாழினி கிளம்பிவிட்டாள். நானும் பின்னாலேயே போய்க் கல்லறைத் தோட்டத்து கேட்டுக்கு வெளியே நின்றேன். பெரிய பெரிய கற்களுக்கு நடுவில் என் பெண் முட்டி போட்டு உட்கார்ந்து, அந்தச் சின்னக் கல்லில் கைவைத்து ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். பேசினாள், பேசினாள்...

வெயிலில் எனக்கு லேசாகக் கண் செருகியது. அந்த டச்சுப் பெண்ணுக்கு லீவு என்று ஒன்று இருந்திருக்குமா? அப்பா கோட்டையில், துணி மூட்டைகளைக் கப்பலேற்றும் வேலையில். இவளுக்குக் கழுத்துவரை மூடிய கவுன், முதுகெல்லாம் வேர்வை. ஜன்னலுக்கு வெளியே இதே ஏரி. தண்ணீரில் இறங்கக் கூடாது என்று அவள் அம்மா கண்டிப்பாகச் சொல்லியிருப்பாள். நானாக இருந்தாலும் சொல்லியிருப்பேன். பாவம், அவளுக்கும் போரடித்திருக்கும்.

திரும்பி வந்ததும் ஐந்து பேரும் யாழினியைச் சூழ்ந்துகொண்டார்கள். "இன்னா சொன்னா?" என்றாள் கீர்த்தனா.

பதிலே வரவில்லை என்று சொன்னால் படகு போச்சு. சம்மதித்துவிட்டாள் என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

யாழினி யோசிக்கவே இல்லை. "அவளும் வரேன்னா."

கீர்த்தனா துடுப்பை எடுத்து நீட்டினாள்.

என் மகள் படகில் ஏறி, குறுக்குப் பலகையின் ஒரு ஓரமாக ஒடுங்கி உட்கார்ந்தாள். மறு பாதி காலி. நடுவுல குந்து, சாஞ்சிடும் என்று கரையிலிருந்து எல்லோரும் குரல் கொடுத்தார்கள். அவள் நகரவில்லை. பக்கத்தில் பார்த்துப் பேசிக்கொண்டே, கயிறு விட்ட தூரம் வரை துடுப்புப் போட்டுப் போனாள்.

படகு சாயவே இல்லை. ஏன் என்று அறிவியல் தெரிந்தவர்கள் எழுதி அனுப்பலாம் — நான் படிக்கப் போவதில்லை.