மூன்றடித் தொட்டிக்கான விளக்கு

என் மச்சான் ஜவஹர் அலியைப் போல ஒரு பொறுமைசாலியைக் காரைக்காலில் காட்டுங்கள், பாதி மீசையை மழித்துக்கொள்கிறேன். துபாயில் ஓர் ஓட்டலில் இருபத்திரண்டு வருஷம் கடல்மீன் தொட்டிகளைக் கழுவிப் பராமரித்தவர். தண்ணீரின் உப்பை நாக்கில் வைத்தே சொல்லிவிடுவார். விளக்கு மட்டும் தெரியாது. அங்கே அது வேறொருவன் வேலை.

அவர் மனைவி, என் அக்கா சுஹைனா லாத்தா, மாடிப்படியில் விழுந்து இடுப்புக்குக் கீழே அசைவற்றுப் போனதும் மச்சான் வேலையை உதறிவிட்டு வந்தார். கட்டிலில் படுத்தபடியே பார்க்கத் தோதாக, ஒன்றரை அடி ஆழமுள்ள ஒரு தொட்டி வைத்தார். பட்டினச்சேரிப் படகுக்காரர்கள் கேனில் கடல்தண்ணீர் கொடுத்தார்கள். கட்டைவிரல் அளவில் வாங்கிய மென்பவளம் என்கிற கடலுயிர் மூன்று வருஷத்தில் பச்சையும் ஊதாவுமாய்க் கல் முழுக்கப் படர்ந்தது. காலையில் அது விரிந்தால்தான் லாத்தாவுக்கு டீ இறங்கும்.

தொட்டியின் பழைய எல்இடி விளக்குப் பட்டை மங்கிவிட்டது. "காஜா, லீவுக்கு வரும்போது நல்லதா ஒன்னு வாங்கிட்டு வாடா" என்றார் மச்சான்.

நான் வேலை பார்க்கும் சார்ஜாவில் கடைக்காரர் ஒரே கேள்விதான் கேட்டார்: தொட்டி எத்தனை அடி ஆழம்? பக்கத்தில் ஓர் அரபி தன் பங்களாவுக்கு வாங்கிக்கொண்டிருந்தான். ஒன்றரை என்று சொல்ல எனக்குக் கூசியது. "மூணு அடி" என்றேன். அந்த நாக்கில் நெருப்பை வைக்க! அவர் அவ்வளவு ஆழத்துக்கும் எட்டுகிற காட்டமான விளக்கைக் கொடுத்தார்.

வெளிநாட்டுச் சாமான் வந்தால் எங்கள் தெருவே பார்க்க வரும். வந்தவர்களுக்கெல்லாம் சர்பத்து கொடுத்து, காலையிலிருந்து ராத்திரி இஷாத் தொழுகை வரைக்கும் விளக்கைப் போட்டுக் காட்டினோம். பவளம் சுருங்கியது. பத்தே நாளில் வெளுத்தது.

"மாஷா அல்லாஹ், முத்து மாதிரியில்ல இருக்கு!" என்று தெருக்காரர்கள் மெச்சினார்கள்.

மச்சான் என்னைக் கொல்லைக்கு இழுத்துப் போனார். "செத்துக்கிட்டிருக்குடா. எங்க பிசகுனேன்னு தெரியல. லாத்தாகிட்ட சொல்லிடாத, அவ அத நம்பித்தான் கெடக்குறா."

மூன்றடி என்று கடையில் சொன்னதை நான் மறைத்துவிட்டேன். பழைய பட்டையை மாட்டிப் பார்த்தார், தண்ணீரை மாற்றினார். பவளம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வெறும் வெள்ளைக் கல்தான் மிஞ்சியது; லாத்தாவிடம் முத்து நிறத்துக்கு மாறியிருக்கிறது என்று சொல்லிவைத்தார். இன்னொன்று வாங்கலாமே என்றேன். "பிசகு எதுன்னே தெரியாம அதையும் கொல்லவா?" என்றார்.

நான் சார்ஜாவுக்குத் திரும்பும் அன்று மச்சான் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். லாத்தா தொட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "அது உசுரு போயி மவுத்தாயி ரெண்டு வாரமாச்சு, தம்பி. அழகா இருக்குன்னு அவருகிட்ட தெனம் சொல்றேன். இல்லேன்னா மனுஷன் ஒடஞ்சு போயிருவாரு. எனக்கு இனிமே பாக்க என்னடா இருக்கு?"

அப்போதும் அந்த மூன்றடியை நான் சொல்லவில்லை. என் அக்காவிடம், அந்த நிலையிலும், எனக்கு மானம்தான் பெரிதாக இருந்தது.

மச்சான் வந்தார். விளக்கைப் போட்டார். "நல்லாருக்குல்ல?" என்றார்.

"நல்லாருக்குங்க" என்றாள் லாத்தா.

நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.