பல் டாக்டர் வண்டிக்கு வந்த ரிப்போர்ட்

மாடியில் இருக்கிற பெரியவளுக்கும் கீழ்வீட்டுச் சின்னவளுக்கும் சண்டை என்று யாரும் வாய் தவறிக்கூடச் சொல்லிவிட முடியாது. அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு வந்து ஒரே வாசலில் செருப்பைக் கழற்றுகிறவர்கள். கேட்டால் பெரியவளே சொல்வாள், "அவ என் கூடப்பிறந்தவ மாதிரி." சொல்லும்போது சிரிப்பதெல்லாம் வாய் மட்டும்தான். வயிறு பாட்டுக்குத் தனியாக எரிந்துகொண்டிருக்கும்.

எரியாமல் என்ன செய்யும்? பெரியவளுக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. ஒரு ரிசல்ட்டில் துளி சந்தேகம் வந்தாலும் அதே ரத்தத்தை இன்னொரு தரம் ஓட்டிப் பார்க்காமல் ரிப்போர்ட்டை வெளியே விடமாட்டாள். வீட்டிலும் அதே குணம். வாஷிங் மெஷின் வாங்க வேண்டுமென்றால், வாங்கினவர்கள் புகழ்ந்தது, திட்டினது, ரிப்பேர்காரர் முணுமுணுத்தது எல்லாவற்றையும் சல்லடை போட்டுச் சலிப்பாள். அவள் சலித்து முடிக்கும் நேரம் பார்த்துச் சின்னவள் படியேறி வந்து, "அக்கா, எது நல்லா இருக்கும்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்பாள். மறுநாள் கீழ்வீட்டில் மெஷின் வந்து இறங்கும். மிக்சி அப்படித்தான், மெத்தை அப்படித்தான், குழந்தையைச் சேர்த்த நீச்சல் வகுப்புகூட அப்படித்தான். மண்டையை உடைத்துக்கொள்வது இவள், அனுபவிப்பது அவள். இதில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "எங்க அக்கா சொன்னாங்க, கண்ணை மூடிட்டு வாங்கிட்டேன்" என்று பெருமை வேறு. திட்டியிருந்தாலாவது பதிலுக்குத் திட்டலாம்.

அதனால் கார் விஷயத்தில் பெரியவள் மூச்சே விடவில்லை.

கார் அவளுக்கு ஆடம்பரத்துக்கு இல்லை. இடுப்பு எலும்பு தேய்ந்திருந்தது. கணவரின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வேலைக்குப் போகிறவள், ஒவ்வொரு பள்ளத்திலும் உயிர் போய்த் திரும்பி வந்தாள். வேலையை விட்டுவிடும்படி எலும்பு டாக்டர் ஒரு தரம் சொல்லிவிட்டார். அவளுக்கு அந்த வேலைதான் பேரும் மரியாதையும். புதுக் கார் வெறும் கனவு, பழசு வாங்கலாம் என்று முடிவு செய்தாள்.

பிறகென்ன, ஒரு மழைக்காலம் முழுக்கக் கார்களுக்கு ரத்தம் எடுத்தாள் என்றே சொல்லலாம். எந்த மாடலில் கிளட்ச் சீக்கிரம் தேயும், எதில் ஏசி காலை வாரும், எந்த வண்டிக்குப் பின்கதவு ஓரமாகத் துருப் பிடிக்கும் என்று புட்டுப்புட்டு வைக்கிற அளவுக்குத் தேறிவிட்டாள். கடைசியில் மாட்டியது லேபுக்குப் பக்கத்துக் கட்டடப் பல் டாக்டரின் சாம்பல் நிறக் கார். டாக்டர் கிளினிக்கை மூடிவிட்டு மகளிடம் போகிறார். அந்த மாடலில் பெட்ரோல் பம்ப் கோளாறு என்று கம்பெனியே வண்டிகளைத் திரும்பக் கூப்பிட்டிருந்தது. இவள் சேஸிஸ் நம்பரைக் குறித்துக்கொண்டு சர்வீஸ் சென்டருக்கே போன் போட்டாள். இந்த வண்டிக்குப் பம்பை மாற்றியாயிற்று. கிளட்ச் புதுசு. துரு மருந்துக்குக்கூட இல்லை. மெக்கானிக் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, "கண்ணை மூடிட்டு எடுங்கம்மா" என்றார்.

எடுத்திருக்கலாம். ஆனால் இவள் குணம் இவளை விடுமா? இன்னொரு மெக்கானிக்கையும் பார்க்கச் சொல்லலாம் என்று ஞாயிற்றுக்கிழமை வரை டாக்டரிடம் தவணை கேட்டாள். கணவரிடம் கேட்டதற்கு அவர் வழக்கம்போல, "பார்க்கலாம்" என்றார். கல்யாணத்துக்குப் பெண் பார்த்துவிட்டுப் போனபோதும் அவர் சொன்னது அதுதான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சின்னவள் படியேறி வந்தாள்.

"அக்கா, உங்க லேப் பக்கத்துல ஒரு பல் டாக்டர் கார் விக்கிறாராமே? இவர் ஃபிரெண்ட் சொன்னார். நீங்க பார்த்திருப்பீங்களே, எப்படிக்கா வண்டி?"

இதுவுமா? என் இடுப்பு வலியையும் சேர்த்து வாங்கிக்கொண்டு போயேன் என்று பெரியவளுக்குக் கத்தத் தோன்றியது. கத்தவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"அந்த மாடலா? ஐயோ, அந்தப் பக்கமே போயிடாதே" என்று ஆரம்பித்தாள். கிளட்ச்சைச் சொன்னாள், ஏசியைச் சொன்னாள், துருவைச் சொன்னாள். "பெட்ரோல் பம்ப்ல கோளாறுன்னு கம்பெனிக்காரனே திரும்பக் கூப்பிட்ட வண்டிம்மா அது. நடுரோட்டுல நின்னா என்ன பண்ணுவே?" ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அந்த மாடலுக்கு அத்தனையும் உண்டு. இந்த வண்டியில் அத்தனையும் சரியாகிவிட்டது என்கிற பாதி ரிப்போர்ட்டை மட்டும் தொண்டைக்குள் நிறுத்திக்கொண்டாள். ஹாலில் கணவர் டிவியின் சத்தத்தைக் குறைத்தது காதில் விழுந்தது. அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"நல்லவேளை உங்களைக் கேட்டேன்" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டு சின்னவள் இறங்கிப் போனாள். அன்றைக்குப் பெரியவள் தூங்கின தூக்கம் இருக்கிறதே, கல்யாணம் ஆன நாளிலிருந்து அப்படித் தூங்கியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் ஹாரன் கேட்டது. எட்டிப் பார்த்தாள். சாம்பல் நிறக் கார் கீழே நின்றது. சின்னவளுக்கு வாயெல்லாம் பல்.

"அக்கா! எல்லாம் உங்களாலதான். நீங்க சொன்னதை அப்படியே மனப்பாடம் பண்ணிட்டுப் போய் டாக்டர்கிட்ட ஒண்ணொண்ணா கேட்டேன். கிளட்ச் மாத்தியாச்சு, பம்ப் மாத்தியாச்சுன்னு எல்லாத்துக்கும் பேப்பரை எடுத்து வெச்சுட்டார். பாவம், ஏற்கெனவே யாரோ எடுக்கறேன்னு சொல்லிட்டுக் கடைசில வேண்டாம்னுட்டாங்களாம். மனுஷன் நொந்து போயிருந்தார். கேட்டதுக்கெல்லாம் சரின்னுட்டார்."

யாரோ வேண்டாமென்றார்களா? பெரியவளுக்குப் புரியவில்லை. நான் எப்போது வேண்டாமென்றேன்? சிரித்து வைத்துவிட்டு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியேறினாள்.

மேலே கணவர் ஜன்னலருகே நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தார். தலையை ஆட்டினார்.

"பாரேன், நீ அவ்வளவு சொல்லியும் வாங்கிட்டு வந்துட்டாங்க. பட்டாத்தான் தெரியும்."

"நீங்க டாக்டர்கிட்ட ஏதாவது பேசினீங்களா?"

"ஆமா. வெள்ளிக்கிழமை மத்தியானமே போன் பண்ணி எடுத்துக்கறோம்னு சொல்லிட்டேன். உனக்கு சர்ப்ரைஸா இருக்கட்டுமேன்னு உன்கிட்ட சொல்லலை. எத்தனை நாள்தான் நீ அந்த ஸ்கூட்டர்ல பல்லைக் கடிச்சுட்டு வருவே?" அவர் சங்கடமாகச் சிரித்தார். "சாயங்காலம் பார்த்தா, நீ அவகிட்ட அவ்வளவு குறை சொல்றே. அடடா, இவ ஏதோ கண்டுபிடிச்சிருக்கான்னு பதறிப் போயிட்டேன். உடனே டாக்டரைக் கூப்பிட்டு வேண்டாம்னுட்டேன். நீ ஒரு விஷயத்தைச் சும்மா சொல்ல மாட்டியே."

பெரியவள் வாயைத் திறந்தாள். வண்டி நல்ல வண்டி என்று சொன்னால், பிறகு ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்பார். இத்தனை வருஷத்தில் அவர் ஒரு நாளும் சந்தேகப்படாத மனுஷி அவள்.

கீழேயிருந்து சின்னவள் கூப்பிட்டாள். "அக்கா, வாங்க, முதல்ல நீங்கதான் உட்காரணும்!"

"போயிட்டு வா, கூப்பிடறா இல்ல" என்றார் கணவர். "நாம வேற வண்டி பார்க்கலாம். இது மோசம்தானே?"

"ஆமா, மோசம்தான்" என்றாள்.