அடியில் துளையுள்ள பாத்திரம்

1. கூம்பு வடிவ மாதிரிப் பாத்திரம் சூளையிலிருந்து விரிசல் இல்லாமல் வந்தது.
2. அதில் தீட்டியிருந்த ஆக்டோபஸின் நிறம் மாறவில்லை.
3. தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். அடித்துளை வழியாக ஒரே சீராக ஒழுகியது.
4. கேமரா தயாரானது.
5. பாத்திரத்தைத் தூக்க வேண்டியவர் தூக்க மாட்டேன் என்றார்.

இது வளைகுடாவில் உள்ள முசஃபாவில், அருங்காட்சியகங்களுக்கு மாதிரிகள் செய்து கொடுக்கும் எங்கள் பட்டறையில் நடந்தது. அசல் பொருள்களின் ஸ்கேன் கோப்புகளிலிருந்து அச்சு வரைந்து கொடுப்பது என் வேலை. இந்த முறை வந்தது, கிரீட் தீவில் மினோவன் மக்கள் சுமார் மூவாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு சடங்குகளில் பயன்படுத்திய பாத்திரம். மேலே ஊற்றுவது அடியில் உள்ள சிறு துளை வழியாக வெளியேறிவிடும். எதையும் சேமித்து வைக்க அது உதவாது. அந்தத் தீவின் சுவரோவியம் ஒன்றில் ஓர் ஆண் இப்படியொன்றைத் தூக்கிச் செல்கிறான். அருங்காட்சியகத்தின் சிறுவர் கூடத்தில் ஓடப்போகும் வீடியோவிலும் ஓர் ஆண் அதைத் தோளில் வைத்து, தண்ணீர் ஒழுக நடக்க வேண்டும் என்று கேட்டிருந்தார்கள்.

அச்சும் சூளையும் பார்ப்பவர் ராமநாதபுரத்துக்காரர். பாத்திரத்தைத் தூக்க வேண்டியவரும் அவர்தான். அவருடைய அப்பா மதுரையில் ஐசியூவில் இருந்தார். இவர் மூத்த மகன். லீவு கேட்டிருந்தார். இந்த வேலை முடிந்தால்தான் கையெழுத்து என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். சூப்பர்வைசர் லாகூர்க்காரர்.

"என்ன அண்ணா, நிண்டிட்டியள்?" என்றேன்.

"மேடம், அங்க அப்பா மூக்குல குழாயோட கெடக்காரு. ஓட்டப் பானையத் தோள்ல வச்சுத் தண்ணி ஒழுக நடங்கிறீகளே. நீங்களும் தமிழ்தானே?"

மேலே விளக்கம் தேவைப்படவில்லை. அவருடைய ஊரிலும் என்னுடைய யாழ்ப்பாணத்திலும் மகன் அப்படி நடப்பது அப்பாவின் சிதையைச் சுற்றித்தான். கடைசியில் குடத்தைப் பின்னால் போட்டு உடைப்பார். கிரீட்டிலும் சடங்கு முடிந்ததும் இவற்றில் சிலவற்றை வேண்டுமென்றே உடைத்திருக்கலாம் என்று எங்களுக்கு வந்த குறிப்பில் ஒரு வரி இருந்தது. அதை அவருக்கு நான் படித்துக் காட்டவில்லை.

"க்யா ஹுவா பாய்? ஜல்தி, யல்லா!" என்று அவசரப்படுத்திக்கொண்டே சூப்பர்வைசர் வந்தார். ஹிந்தியில் விஷயத்தைச் சொன்னேன். வெறும் மண்பாண்டத்துக்கு இவ்வளவா என்று தலையில் அடித்துக்கொண்டார். "வீடியோ மாஃபி, லீவு மாஃபி." வீடியோ இல்லையென்றால் லீவும் இல்லை.

"மாஃபின்னா மாஃபி. இதத் தூக்கிட்டுப் போயி எங்கப்பா மொகத்துல எப்படி முழிக்க?" என்றார் ராமநாதபுரத்துக்காரர். சொல்லிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

என் அப்பா இறந்தபோது நான் இதே பட்டறையில் இருந்தேன். எனக்குச் சகோதரர்கள் இல்லை. சித்தப்பாவின் மகன் குடம் தூக்கியதைப் போனில் பார்த்தேன்.

"நான் தூக்கிறன் அண்ணா. எனக்கு அப்பா இல்லை."

அவர் ஸ்டூலிலிருந்து எழுந்தார்.

ஆண்தான் வேண்டும் என்று எழுதியிருக்கிறதே என்றார் சூப்பர்வைசர். சுவரோவியத்தின் படத்தை எடுத்துக் காட்டினேன். மினோவன் ஓவியர்கள் ஆண்களைச் செம்பழுப்பிலும் பெண்களை வெள்ளையிலும் தீட்டுவது வழக்கம். என் முன்கையை அதன் பக்கத்தில் வைத்து, "இந்தக் கணக்கில் நான் ஆண்தான், பாய்" என்றேன். அவர் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"கலாஸ், அவ்வளவுதான். கை மட்டும் எடு," என்றார் கேமராக்காரரிடம்.

"வளையலக் கழட்டிருங்க மேடம்," என்றார் ராமநாதபுரத்துக்காரர். கேமரா ஓடியபோது சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். துளையில் விரலை வைத்து மூடி, நிரப்பி, தோளில் ஏற்றி, விரலை எடுத்தேன். எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருந்தது. நடந்தேன். சட்டையின் ஒரு பக்கம் முழுவதும் நனைந்தது.

அன்று மாலையே அவருடைய லீவுத் தாளில் கையெழுத்தானது.

படம் இப்போது சிறுவர் கூடத்தில் ஓடுகிறது. பாத்திரமும் முழங்கை வரையிலான கையும் மட்டும் தெரியும். ராமநாதபுரத்துக்காரர் ஊருக்குப் போய்த் திரும்பிவிட்டார். அவருடைய அப்பா வீட்டில் இருக்கிறார். அப்பாவுக்கு இடது கை இன்னும் சரியாக வரவில்லை. பாத்திரத்தின் இன்னொரு பிரதி எங்கள் ரேக்கில் இருக்கிறது. அதை எடுக்க வேண்டியிருந்தால் நான் எடுக்கிறேன்.