அலைக்கு முன்னால் வந்த படபடப்பு

நான் பள்ளிக்கூடத்தில் டிரில் டீச்சர். விசில் ஊதினால் மைதானத்தின் அந்தக் கோடி வரைக்கும் பிள்ளைகள் நிமிர்ந்து நிற்கும். அப்படிப்பட்டவளை மூன்றரை வருஷம் பயந்தாங்கொள்ளி என்று ஒரு தெருவே நம்பியது. அந்தக் கோபம் இன்னும் முழுசாக ஆறவில்லை. என் உடம்புக்குள் இருந்த கட்டியை மன்னித்துவிட்டேன், தெருவை மன்னிக்கக் கொஞ்ச நாள் ஆகும்.

2004 மார்கழியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு, கடலூரில் எங்கள் வாசலில் குனிந்து பதினைந்து புள்ளிக் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன். பாதியில் நெஞ்சு அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. தலை வெடிக்கிற வலி. அந்தக் குளிரில் ஜாக்கெட் நனைகிற அளவுக்கு வியர்வை. படியில் உட்கார்ந்தேன். கால் மணி நேரத்தில் எல்லாம் நின்றுவிட்டது, எழுந்து மீதிக் கோலத்தை முடித்தேன். அதற்குப் பிறகுதான் என் வீட்டுக்காரர் எழுந்து, காபி குடித்து, ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு மீன் வாங்கப் போனார். எட்டரை மணிவாக்கில் அலை வந்தது. பத்து மணிக்கு அவர் ஸ்கூட்டர் இல்லாமல், செருப்பும் இல்லாமல், இடுப்பு வரை சேறோடு நடந்து வந்தார். வெந்நீர் மட்டும் கேட்டார்.

அதற்கப்புறம் அந்தப் படபடப்பு எனக்கு வாரத்துக்கு இரண்டு மூன்று முறை வந்தது. ஊரே உலுக்கப்பட்டிருந்த சமயம். யாருக்கு எது வந்தாலும் சுனாமி பயம்தான். தெருமுனை டாக்டரிடம் போய்ச் சேருவதற்குள் என் படபடப்பு அடங்கிவிடும், பிரஷர் நார்மலாக இருக்கும். அவரும் பயம் என்றுதான் சொன்னார். கவுன்சிலிங் கொடுக்க வந்திருந்த ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி ஒரு நல்ல இடத்தை நினைக்கச் சொன்னாள். எங்கள் மைதானத்தை நினைத்தேன். அங்கே எனக்கு ஒரு தடவைகூட இது வந்ததில்லை என்பது அப்போது எனக்கே உறைக்கவில்லை. நாற்பது தாண்டியபின் பிள்ளைகளைத்தான் குனிந்து கால் விரலைத் தொடச் சொல்வேன், நான் நிமிர்ந்து நின்று விசில்தான் ஊதுவேன்.

"மொத தடவ அலைக்கு முன்னாடியே வந்துச்சு. அப்ப சுனாமின்னு ஒண்ணு இருக்கறதே எனக்குத் தெரியாதே" என்று எல்லோரிடமும் வாதாடிப் பார்த்தேன். பக்கத்து வீட்டு அக்கா கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "உனக்கு முன்கூட்டியே தெரிஞ்சிருக்குது டீச்சர்." அந்த வாரத்திலேயே இரண்டு பேர் வந்து அடுத்த அலை எப்போது என்று ரகசியமாகக் கேட்டுவிட்டுப் போனார்கள்.

எல்லாவற்றையும்விட என்னை எரிச்சல்படுத்தியது வீட்டுக்காரர்தான். சண்டை போடத் தெரியாத மனுஷன். படபடப்பு வந்தால் பக்கத்தில் உட்கார்ந்து, "பயப்படாத, நான் இருக்கேன்ல" என்பார். பயமே இல்லாதவளிடம் அப்படிச் சொல்லிப் பாருங்கள், தெரியும். ஸ்கூட்டர் புதிதாக வாங்கிய பிறகும் அவர் கடற்கரைப் பக்கம் போகவில்லை. மீனை மார்க்கெட்டிலேயே வாங்கினார். கேட்டால், "வேணாம்மா, உனக்கு ஆவாது" என்பார்.

ஒரு நாள் தர்காவில் மந்திரித்த கறுப்புக் கயிற்றைக் கொண்டுவந்து என் கையில் கட்டினார். அதே வாரம், நான் சிரமப்பட வேண்டாம் என்று வாசலில் ஸ்டிக்கர் கோலம் ஒன்றையும் ஒட்டிவிட்டார். படபடப்பு குறைந்துவிட்டது. எப்போதாவது கட்டிலுக்கடியில் பெருக்கும்போது வந்ததோடு சரி. கயிற்றின் மகிமை என்று தெரு கொண்டாடியது. மார்கழி வந்ததும், போயும் போயும் பிளாஸ்டிக் கோலத்தோடா என்று ரோஷம் வந்து ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்துவிட்டு அரிசிமாவை எடுத்தேன். மூன்றாம் நாளே வந்துவிட்டது. "மார்கழி பொறந்தா அவுங்களுக்கு அந்த ஞாபகம் வந்துடுது" என்றார்கள். எதைச் செய்தாலும் அவர்கள் கணக்கு சரியாக வந்தது.

2007 மார்கழியில் பூசணிப்பூ வைக்கக் குனிந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டேன். எங்கள் மகள் அப்போது சிதம்பரத்தில் படித்துக்கொண்டிருந்தாள். அவள்தான் அடம்பிடித்து என்னை அங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஹார்மோன் டாக்டர், என்னைவிட வயதில் சின்னவர். உட்கார்ந்ததுமே நான் சண்டைக்குத் தயாரானேன்.

"எனக்கு பயம் கியம் ஒண்ணும் இல்ல டாக்டர்."

"சரி, இல்ல. என்ன செய்யும்போது வருது?"

மூன்று வருஷத்தில் யாரும் இதைக் கேட்டதில்லை. சரி என்று ஒருத்தர் சொன்னதில் எனக்குச் சண்டை போடவே மறந்துவிட்டது. கோலம் போடும்போது என்றேன். அலைக்கு முன்பே வந்ததையும் சொன்னேன். அவர் பேனாவை எடுத்து அதை எழுதிக்கொண்டார். பிரஷர் பார்த்தார், நார்மல். "எப்படிக் குனிவீங்க, காட்டுங்க" என்றார். தரையில் விரலால் புள்ளி வைக்க ஆரம்பித்தேன். நான்காவது வரிசை தாண்டவில்லை. அவரே என்னைத் தாங்கி உட்கார வைத்து மறுபடியும் பிரஷர் பார்த்தார். முகம் மாறிவிட்டது. வேறு இரண்டு டாக்டர்களைக் கூப்பிட்டார். எல்லாம் அடங்கிய பிறகு, "உங்களைக் குனியச் சொல்லியிருக்கக் கூடாது டீச்சர், மன்னிச்சிடுங்க" என்றார்.

சிறுநீரகத்துக்கு மேலே ஒரு சின்னச் சுரப்பி. பயந்தால் சுரக்க வேண்டியதை, அங்கே வளர்ந்த ஒரு கட்டி சும்மா சும்மா சுரக்கிறது. குனிந்தால் கட்டி அமுங்கி இன்னும் ஜாஸ்தி கொட்டுகிறது. படம் போட்டு விளக்கினார். விட்டுவிட்டால் ஒரு நாள் குனிந்தவள் எழுந்திருக்காமலே போகலாம் என்பதையும் மறைக்காமல் சொன்னார். எனக்கு அதுகூட அப்போது பெரிதாகப் படவில்லை.

"அப்ப அந்த பயம் என்னுது இல்ல."

"இல்ல டீச்சர். கட்டியோடது."

உறுதி செய்ய ஒரு முழு நாள் சிறுநீரை ஒரு கேனில் பிடித்துக்கொடுக்க வேண்டும். அதுவரைக்கும் காபி கூடாது, வாழைப்பழம் கூடாது. காபி இல்லாத அந்த நாட்களில் வீட்டில் எல்லோரும் என் கண்ணில் படாமல் நடமாடினார்கள். கேனை ஒயர் கூடையில் வைத்து வீட்டுக்காரர் சிதம்பரம் பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். "மோரா சார், இவ்ளோ பத்திரமா வெச்சிருக்கீங்க" என்று கண்டக்டர் கேட்டார். பொய் சொல்லத் தெரியாதவர். "மோர் இல்லைங்க" என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரி வரைக்கும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஸ்கேனில் எலுமிச்சம்பழம் அளவுக்கு இருந்தது. ஆபரேஷனுக்கு முன்னால் பிரஷர் எகிறாமல் இருக்க மாத்திரைகள், அவற்றால் ஓயாத மூக்கடைப்பு. மாத்திரையால் பிரஷர் ஒரேயடியாக இறங்கிவிடாமல் இருக்க, உப்பைத் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளச் சொன்ன ஒரே டாக்டர் அவர்தான். 2008 கோடையில் கட்டியை எடுத்தார்கள்.

டாக்டர் அதோடு விடவில்லை. மகளை உட்கார வைத்துக் கம்ப்யூட்டரில் எதையோ காட்டினார். "நாங்க படிக்கும்போது இது குடும்பத்துல வர்றது அபூர்வம்னு படிச்சோம். இப்ப வர்ற ஆராய்ச்சி அப்படிச் சொல்லல. புதுசு புதுசா மரபணு கண்டுபிடிக்கிறாங்க." மகளுக்கும் ரத்தமும் சிறுநீரும் பார்த்தார்கள். அந்த முடிவு வரும்வரை நான் ஆடிப்போய்விட்டேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன். கட்டி போன பிறகு வந்த சொந்த பயம் அது. நெஞ்சு அடித்துக்கொள்ளவில்லை, வியர்க்கவில்லை. வயிற்றில் ஒரு கனம், அவ்வளவுதான். இரண்டு பயமும் பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன், இரண்டும் வேறு வேறு. மகளுக்கு ஒன்றும் இல்லை என்று வந்தது. வருஷத்துக்கு ஒரு தடவை பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள்.

அந்த வருஷ மார்கழியில் மறுபடியும் கோலமாவை எடுத்தேன். வீட்டுக்காரர் புதிதாக வாங்கிய பிரஷர் மெஷினோடு படியில் உட்கார்ந்திருந்தார். முடித்ததும் என் கையில் பட்டையைச் சுற்றி அழுத்திப் பார்த்து, பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கேட்கும்படி எண்ணைச் சத்தமாகச் சொன்னார். நார்மல். அன்றைக்குத்தான் சுனாமி வந்த நாள். எல்லோரும் பால் ஊற்றக் கடற்கரைக்குப் போவார்கள், நாங்களும் போகலாம் என்றேன்.

"உனக்கு வேணாம்மா."

"எனக்குத்தான் ஒண்ணும் இல்லியே. இப்பதான சத்தம் போட்டுப் படிச்சீங்க."

மறுக்க முடியாமல் வண்டியை எடுத்தார். மணல் ஆரம்பிக்கிற இடத்தில் நிறுத்தினார். இறங்கவில்லை. "நீ போயிட்டு வா. நான் வண்டியப் பாத்துக்கறேன்." கண்ணாடியைத் திருப்பினார், சாவியை எடுத்தார், மறுபடியும் போட்டார். கடல் பக்கம் மட்டும் திரும்பவில்லை. அவர் உடம்பில் எந்தக் கட்டியும் இல்லை.

நான்கு வருஷமாக இந்த மனுஷன் தேவனாம்பட்டினத்துப் பக்கமே வராமல் இருந்தது என்னால் இல்லை. தெரு மொத்தமும் பயத்தை என் தலையில் கட்டிவிட்டதால், அன்றைக்கு அந்தத் தண்ணீரில் நின்றவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை. என்னை யாரும் நம்பவில்லை என்று கத்திக்கொண்டிருந்ததில், வெந்நீர் கேட்டவரை மறந்துவிட்டேன். வெட்கமாக இருந்தது.

பயப்படாதீங்க, நான் இருக்கேன்ல என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அதைக் கேட்டால் எப்படி எரியும் என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. பால் சொம்பைக் கீழே வைத்துவிட்டு அவருக்குப் பின்னால் மறுபடியும் வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

"அன்னிக்கு இங்க இன்னாங்க நடந்துச்சு?" என்று கேட்டேன்.

சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கடல் பக்கம் திரும்பினார்.

"நெத்திலி வாங்கிட்டிருந்தேன்" என்று ஆரம்பித்தார்.