மறக்காத இரும்பு

நான் ஆய்வகத்தில் செய்வது கரி உறை போர்த்திய நுண்ணிய இரும்புத் துகள்கள். காந்தத்தை விலக்கியதும் அவை ஈர்ப்பை அடியோடு மறந்துவிட வேண்டும். இன்று மறக்கவில்லை, ஒன்றையொன்று பிடித்துக்கொண்டே நின்றன.

வேலை முடிந்து, இந்த அயல்நாட்டில் நியூ லின் போகும் ரயிலில் ஆய்வகத் தோழியிடம் போனில் புலம்பினேன். "தள்ளி வச்சும் மறக்கவே மாட்டேங்குதுடி. எப்படியாவது மறக்க வைக்கணும்."

பக்கத்தில் இருந்த யாழ்ப்பாணத்து அக்கா என் கையைப் பிடித்தார். "ஏன் பிள்ளை மறக்கவேணும்? உம்மட அவர் எங்க இருக்கிறார்?"

துகளைப் பற்றித்தான் பேசினேன் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"மதுரையில, அக்கா. இன்னும் விசா வரல" என்றுதான் வந்தது.

"ஓம், விளங்குது" என்று தலையசைத்தார். இறங்கும்வரை கையை விடவில்லை.

இன்னும் பொடியாகச் செய்தால் துகள் மறந்துவிடுமாம். எனக்கு என்ன வழி? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.