கேற்றில் ஏறிய மாட்டுக்குறி

அப்பா மாடு வளர்த்தவர். இந்த நினைவு மலருக்காக உறவினர் குழு திருத்தி அனுப்பிய படியில் இந்த வசனம் சிவப்பு மையால் வெட்டப்பட்டு, "பெருநிலக்கிழார் குடும்பத்தில் உதித்தவர்" என்று மாற்றப்பட்டிருந்தது. எங்களிடம் இருந்த நிலம் ஒரு வீட்டு வளவும் இரண்டு ஏக்கர் வயலும். மிகுதி எல்லாம் மாடு. பக்கங்களை ஒழுங்குபடுத்தி அச்சுக்கு அனுப்பும் வேலை என்னிடம் தரப்பட்டதால், முதல் வசனம் தன் பழைய இடத்துக்குத் திரும்பியிருக்கிறது.

மன்னார்ப் பெருநிலப்பரப்பில், குளம் ஒன்றை அண்டிய ஊரில், மூன்று தலைமுறையாகப் பட்டி வைத்திருந்த கத்தோலிக்கக் குடும்பத்தின் மூத்த பிள்ளையாக அப்பா பிறந்தார். பட்டி என்றால் என்னவென்று இங்கே மொன்றியலில் பிறந்த பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். பெருந்தொகை மாடுகளைக் காட்டோரம் மேயவிட்டு, மாலையில் முள்வேலிக்குள் அடைப்பார்கள். ஒரே காட்டில் பலருடைய மாடு மேயும். அதனால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனிக் குறி உண்டு. இரும்பைக் காய்ச்சி மாட்டின் பின்தொடையில் அதைச் சுடுவார்கள். அரசாங்கக் கந்தோரில் பதிந்தும் வைப்பார்கள். எங்கள் குறி மிகச் சாதாரணமானது: ஒரு வட்டம், அதன் கீழ் ஒரு கோடு. இதை நினைவில் வைத்திருங்கள்.

தாத்தாவை மாடு முட்டி அவர் படுக்கையில் விழுந்தபோது அப்பாவுக்குப் பதினாறு வயது. அன்றோடு பள்ளிக்கூடம் முடிந்தது. அப்பாவின் தம்பி, அதாவது இன்று புரோசார்ட்டில் வசிக்கும் என் சித்தப்பா, அந்தப் பட்டியின் பாலில்தான் யாழ்ப்பாணத்தில் விடுதியில் தங்கிப் படித்தார். சித்தப்பா சொல்லும் வாழ்க்கைக் கதையில் விடுதி இருக்கிறது, பால் இல்லை.

அப்பா கடதாசியை எறியாதவர். மாடு கைமாறும்போது கிராம அதிகாரியான விதானையார் எழுதித் தந்த துண்டுகள், குறி பதிந்த கடிதங்கள், ஊசி போட்ட அட்டைகள் எல்லாம் அவரிடம் இருந்தன. அவற்றோடு ஒரு நீலப் பள்ளிக்கூடக் கொப்பியும் இருந்தது. சண்டை நெருங்கி, ஊர்கள் கலைந்து, மாடுகள் காட்டில் சிதறிய மாதங்களில் வேறு ஆட்களின் மாடுகள் எங்கள் பட்டிக்குள் வந்து நின்றன. அப்பா ஒவ்வொன்றையும் கொப்பியில் எழுதினார். நிறம், காது வெட்டு, குறியின் படம், வந்த நாள். கடைசி நிரல் "பெற்றுக்கொண்டவர்". உரியவர் தேடி வந்தால் அதில் ஒப்பம் வைத்துவிட்டு மாட்டைக் கொண்டு போவார். வராதவருடைய மாட்டுக்கும் எங்கள் மாட்டுக்குப் போடும் தீனிதான். அது கன்று போட்டால் அந்தக் கன்றுக்கு எங்கள் குறியைச் சுடக் கூடாது. அது பட்டிக்காரர் வழக்கம். அப்பா அதைச் செல் குண்டு விழும் நாட்களிலும் மீறவில்லை.

கடைசியில் பட்டியின் கடப்பு வாசலைத் திறந்துவிட்டு வெளியேறினார். இந்த நாட்டுக்கு வந்து இறங்கியபோது கையில் இரண்டு பை. ஒன்றில் உடுப்பு, மற்றதில் கடதாசி. இது என்னவென்று விமான நிலைய அதிகாரி கேட்க, "மாடுகளின்ரை பாஸ்போட்" என்று மொழிபெயர்ப்பாளரிடம் சொன்னாராம். பிறகு பார்க் எக்ஸ்டென்ஷனில் மூன்றாம் மாடி வீடு, பால்கட்டித் தொழிற்சாலையில் பதினெட்டு வருட வேலை. அங்கே பெட்டி அடுக்கிய காலம் முழுவதும் ஒரு மாட்டையும் அவர் காணவில்லை.

இனி, குழு அடியோடு வெட்டிய பகுதி.

சித்தப்பா புது வீடு குடிபுகுந்த நாளில் நாங்களும் போனோம். வாசலில் கறுப்பு இரும்புக் கேற். நடுவே பொன்நிறத்தில் பெரிய சின்னம்: ஒரு பிறை, பிறைக்குள் சிலுவை, இரு பக்கமும் இரண்டு புள்ளி. அப்பா அதைக் கனநேரம் பார்த்தார்.

"என்னடா தம்பி இது?"

"எங்கடை பரம்பரைச் சின்னம், அண்ணை. போர்த்துக்கேயர் எங்கடை ஆக்களுக்குக் குடுத்தது. சிலுவையைப் பாருங்கோவன்! உங்கடை பழைய கடதாசிக்குள்ளைதான் கண்டு போனிலை படம் எடுத்தனான். நீங்கள் அண்டைக்கு வேலைக்குப் போட்டியள்."

"வடிவாத்தான் கிடக்கு" என்றார் அப்பா.

பள்ளிக்கூடக் கொப்பிக்குள் போர்த்துக்கேயப் பட்டயம் எப்படி வந்தது என்று சித்தப்பா தன்னையே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். அவர் படித்தவர் என்பதால்தான் சொல்கிறேன்.

திரும்பும் வழியில், பாலத்தில் கார் ஏறியதும் அப்பா குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கத் தொடங்கினார்.

"என்னப்பா, விசர் பிடிச்சிட்டுதோ?" என்றார் அம்மா.

"அது யாக்கோப்பு அண்ணையின்ரை மாட்டுக் குறியடி! எங்கடை பட்டிக்கை வந்து நிண்ட செவலையளின்ரை துடையிலை கிடந்தது. எங்கடை குறி கூட இல்லை. அதிலை ஒண்டு வேலி பாயிற கள்ள மாடு."

"உடனை சொல்லியிருக்கலாமே அப்பா?" என்றேன்.

"குடிபூரல் அண்டைக்கு ஒருத்தனை வெக்கப்படுத்துறதோ? ஒருத்தருக்கும் சொல்லாதை."

ஆறு வருடம் நான் சொல்லவில்லை. அப்பாவின் பொறுமை எனக்கு வாய்க்கவில்லை. அவருக்குக் கொடுத்த வாக்கை அவருடைய காலம் மட்டும் காப்பாற்றினேன்.

யாக்கோப்பு ஐயாவின் பதினொரு மாடுகள் கொப்பியில் இருந்தன. நான்கை அவரே வந்து ஒப்பமிட்டுக் கொண்டு போனார். மற்ற ஏழுக்கும் அவர் வரவில்லை. பிறகு அவரை எவரும் காணவில்லை. கடைசி நாட்களில், இதயம் களைத்து மருத்துவமனையில் கிடந்தபோதும் அப்பா கேட்டார்: "நீலக் கொப்பி எங்கை?" பத்திரமாக இருக்கிறது என்றேன். அன்று அது உண்மை.

அப்பா வசந்தத்தின் தொடக்கத்தில் இறைவனடி சேர்ந்தார். மொன்றியலில் பாதிச் சனம் வீடு மாறும் யூலை முதலாம் திகதி, அம்மாவை என்னோடு அழைத்து வந்தேன். விமானப் பாகங்களைச் சோதித்துப் பதிவது என் தொழில். ஆகவே வீட்டையும் அப்படியே பொதி செய்தேன். நாற்பத்தொரு பெட்டிக்கும் இலக்கம், பட்டியல், நிறத்தாள். 39, 40, 41 மூன்றிலும் "மாடு" என்று பெரிதாக எழுதினேன். முதல் சுமையோடு போய்த் திரும்பியபோது அவை வாசலில் இல்லை. உதவிக்கு வந்த சித்தி நின்றார்.

"சித்தி, இதிலை மூண்டு பெட்டி இருந்ததே?"

"மாடு எண்டு எழுதிக் கிடந்ததோ? பழைய மெத்தையோடை றோட்டுக்கரையிலை வைச்சனான். லொறி வந்து எடுத்துக்கொண்டு போட்டுது."

"அதுக்குள்ளை அப்பான்ரை கடதாசியெல்லோ!"

"செத்த மாட்டுக்கு என்ன பிள்ளை துண்டு? மனிசருக்கே இஞ்சை இடமில்லை."

மூன்று தலைமுறை அந்த மாடுகளில் வாழ்ந்தது. சித்திக்கு அதைத் தெருவில் வைக்க மூன்று நடை போதுமாக இருந்தது.

என் பிழையையும் எழுத வேண்டும். கடதாசிகளை நான் முன்பே கணினியில் பதியத் தொடங்கியிருந்தேன். முத்திரை குத்திய கடிதங்கள், அச்சடித்த துண்டுகள் எல்லாவற்றையும் பதிந்தேன். கையெழுத்துக் கொப்பியை இரண்டாம் கட்டத்துக்கு ஒதுக்கினேன். முத்திரை இல்லாதது முக்கியமில்லை என்று நினைத்த விதத்தில் நானும் சித்தப்பா வீட்டுப் பிள்ளைதான்.

ஆவணியில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வெளியே வரும்போது அஹுன்ட்சிக்கில் வசிக்கும் ரோசலின் அக்கா என்னை நிறுத்தினார். அவர் யாக்கோப்பு ஐயாவின் மகள்.

"தம்பி ஊரிலை திரும்பப் பட்டி துவங்கியிருக்கிறான், பிள்ளை. அப்பான்ரை குறியைப் பதியப் போனால், கந்தோர்ப் பதிவு ஒண்டும் மிஞ்சேல்லையாம். வேறை ஒருத்தரும் அதே குறியைக் கேக்கிறாராம். அது அப்பான்ரைதான் எண்டு ஒரு துண்டு காட்டச் சொல்லுகினம். இந்த மாதம்தான் தவணை. உங்கடை அப்பா ஒரு கொப்பி வைச்சிருந்தவரெல்லோ?"

இருந்தது, குப்பைக்குப் போய்விட்டது என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் சித்தப்பா எடுத்த படம் நினைவுக்கு வந்தது.

அன்றே தொலைபேசி எடுத்தேன். "அப்பிடியொரு படமும் என்னட்டை இல்லை. அது பட்டயம், மாட்டுக் கொப்பியில்லை. கண்டதையும் கதைச்சுக் குடும்ப மானத்தை வாங்காதை" என்றார் சித்தப்பா.

அடுத்த ஞாயிறு ரோசலின் அக்காவை ஏற்றிக்கொண்டு புரோசார்ட்டுக்குப் போனேன். சித்தப்பாவின் சம்பந்தி வீட்டார் வந்திருந்ததை நான் அறியேன். அறிந்திருந்தாலும் போயிருப்பேன். அக்கா காரால் இறங்கினார், கேற்றைக் கண்டார், இரண்டு கையாலும் அந்தப் பிறையைப் பிடித்தார்.

"ஐயோ, எங்கடை அப்பான்ரை மாட்டுக்குறி! ஆர் இதை இஞ்சை கொண்டந்தது?"

சம்பந்தியம்மா வாசலுக்கு வந்தார். "மாட்டுக்குறியோ? போர்த்துக்கேயர் குடுத்தது எண்டெல்லோ சொன்னவை?"

"போர்த்துக்கேயரோ? மாட்டின்ரை துடையிலை சுடுறது, அம்மா!"

இல்லாத படம் இரண்டு நிமிடத்தில் சித்தப்பாவின் போனில் கிடைத்தது.

முழுப் பக்கமும் அதில் இருந்தது. மேலே குறி, கீழே அப்பாவின் கையெழுத்தில் பதினொரு மாடுகள், நான்குக்கு எதிரே யாக்கோப்பு ஐயாவின் ஒப்பம். ரோசலின் அக்கா குறியைப் பார்க்கவில்லை. ஒப்பத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். "கீழை ரெண்டு கோடு இழுப்பார்" என்றார். தகப்பனின் கையெழுத்து அவரிடம் வேறு எதிலும் இல்லை. சித்தப்பா அந்த நேரத்தில் கேற்றைக் காட்டி, நாளைக்கே கழற்றிவிடுவதாகச் சம்பந்தியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"கழட்டாதேங்கோ அங்கிள். வடிவா இருக்கு, கிடக்கட்டும்" என்றார் அக்கா.

தவணைக்கு முன் அந்தப் பக்கம் மன்னாருக்குப் போய்ச் சேர்ந்தது. குறி யாக்கோப்பு ஐயாவின் மகன் பெயரில் பதிவாயிற்று. படத்தின் அச்சுப்படி ஒன்று என்னிடம் இருக்கிறது. வெறுமையாக இருந்த ஏழு வரிகளுக்கும் எதிரே, "பெற்றுக்கொண்டவர்" நிரலில், ரோசலின் அக்கா ஒப்பமிட்டிருக்கிறார். மாடுகள் திரும்பவில்லை. ஆனால் அப்பாவின் கொப்பியில் இனி வெறும் வரி இல்லை.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் சிலர். அப்பாவின் கடைசி இரவுகளில் கூட இருந்த தாதியர். திருப்பலி ஒப்புக்கொடுத்த பங்குத்தந்தை. முப்பத்தோராம் நாள் நினைவுக்குச் சமைத்துத் தந்த கீழ்வீட்டு அன்ரி. ரோசலின் அக்கா. மூன்று பெட்டியையும் தூக்கிய சித்திக்கு, அவரது உடல் பலத்தைப் பாராட்டுகிறோம்.

சித்தப்பாவுக்கும் நன்றி. நான் பட்டியல் போட்டுக் காத்தவை போய்விட்டன. அவர் கேளாமல் எடுத்தது தப்பியது. அவரிடம் குடும்பத்தின் சார்பில் ஒரு வேண்டுகோள் மட்டும். ஒவ்வொரு வசந்தத்திலும் கேற்றின் துருவைச் சுரண்டி, புதுப் பொன்நிற மை பூசிவிடுங்கள். அது மற்றவருடைய குறி. எங்கள் வாசலுக்கு வந்து நிற்கிறது. அப்பா என்றால் தீனி போட்டிருப்பார்.