மருமகள் தூங்குகிறாள்

நான் பிரிக்பீல்ட்ஸில் இருக்கிறேன். என் மருமகள் பவானி ஆஸ்பத்திரியில் தாதி. வார்டில் முழுநேர வேலை பார்த்துக்கொண்டே, டயாலிசிஸ் பிரிவுக்கு மாறுவதற்காகப் படிக்கவும் செய்கிறாள். எழுத்துக் கூட்டிப் படிக்கும் எனக்கு அதில் பெருமை தாளாது. விசேஷ வீடுகளுக்கெல்லாம் அவளைக் கூட்டிப்போய்க் காட்டுவேன்.

போன மாதம் கிள்ளானில் ஒரு கல்யாண விருந்து. இரவு வேலை முடித்து வந்தவள், காலையில் வகுப்பிலும் உட்கார்ந்திருந்தாள்.

"அத்தை, இன்னிக்கு முடியல. நீங்க மட்டும் போயிட்டு வாங்களேன்."

"மொகத்தக் காட்டிட்டு ஒடனே வந்துரலாம் லா" என்று நான்தான் கிளப்பினேன்.

திரும்பி வருகையில் நெடுஞ்சாலையில் கார் மெல்ல இடப்பக்கம் ஒதுங்கியது. அங்கே ஒரு லோரி. பவானியைப் பார்த்தால், ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கண் மூடியிருந்தாள். கத்திக்கொண்டே தோளை உலுக்கினேன். லோரிக்காரரும் ஹாரனை விடாமல் அடித்தார். விழித்துக்கொண்டவள் எப்படியோ காரைத் திருப்பி, ஓரமாக நிறுத்தி அழுதாள்.

"உங்களக் கொன்னிருப்பேன் அத்தை."

"நீ என்னம்மா பண்ணுவ? இழுத்துட்டு வந்தவ நான்தானே."

இப்போதெல்லாம் விசேஷங்களுக்கு நான் தனியாகக் கொமுட்டர் ரயிலில் போகிறேன். எந்த ஸ்டேஷன் என்று பக்கத்தில் இருப்பவர்களைக் கேட்டு இறங்குகிறேன். அதில் எனக்குக் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

"மருமக வரலையா? ஆஸ்பத்திரியில பெரிய மிஸ்ஸியாச்சே, நம்ம வீட்டுக்கெல்லாம் வருவாளா?" என்று குத்துவார்கள்.

"அவ வீட்டுல தூங்குறா. நான்தான் தூங்கச் சொன்னேன்" என்று நாலு பேர் காதில் விழுகிற மாதிரி சொல்லிவிட்டு, பந்தியில் போய் உட்காருவேன்.